ஆடைவில்லை (ஆர்பிகுலஸ்)

எகிப்தில் 4ஆம் நூற்றாண்டு தொடங்கிப் பல நூறாண்டுகள் உடுத்திய லினன் அங்கிகளில், இரு தோளிலும் முழங்காலை ஒட்டியும் படம் நெய்த துண்டுகள் இருக்கும். வட்டமானது ஆர்பிகுலஸ். லத்தீனில் ‘ஆர்பிஸ்’ வட்டம், ஆர்பிகுலஸ் சிறுவட்டம். சதுரமானது தபுலா, அதாவது பலகை. தோளிலிருந்து நேராக இறங்கும் பட்டை கிளாவுஸ். அணித்துண்டுகளுக்குப் பொதுவாக வழங்கிய பெயர் செக்மென்டம். ‘செகாரே’ என்றால் வெட்டுதல். தமிழில் துண்டும் துண்டித்தலும் உறவுச் சொற்களாக இருப்பதுபோலத்தான்.

இவற்றைப் பூத்தையல் என்று எழுதுவது பிழை. ஊசிக்கு இதில் வேலை குறைவு, படம் தறியிலேயே பிறக்கிறது. லினன் சாயத்தை எளிதில் ஏற்காது. அதனால் பாவு (நெடுக்கிழை) லினனாக இருக்க, நிறம் முழுவதும் கம்பளி ஊடையில் (குறுக்கிழையில்) வரும். படம் வரும் இடத்தில் பாவிழைகளை இரண்டிரண்டாக, மும்மூன்றாகச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு நிற ஊடையையும் அதன் எல்லையிலேயே திருப்பி நெய்வார்கள். இரு நிறங்கள் நெடுக்கில் சந்திக்கும் இடத்தில் இழை கோக்காமல் கீறல்போல் இடைவெளி விழும். அது நீண்டால் வாய் பிளக்கும். பின்னர் தைத்து மூடவேண்டும்.

பட்டு வில்லை வேறு வகை. படம் திரும்பத் திரும்ப வரும்படி முழுத்துணியாக நெய்து, வேண்டிய வட்டத்தை வெட்டி, விளிம்பை உள்ளே மடித்து அங்கியில் தைப்பார்கள். மடிப்புக்கு இடம் விடாமல் வெட்டினால் ஓரம் பிரியும். எகிப்தின் அக்மீம் நகரப் புதைகுழிகளில் இத்தகைய பட்டு வில்லைகள் கிடைத்தன.

கிறிஸ்தவத் திருவுருவங்களை உடையில் தாங்கும் வழக்கம் எல்லோருக்கும் உவப்பாயில்லை. கி.பி. 400 வாக்கில், இன்றைய துருக்கியிலுள்ள அமாசியாவின் ஆயர் அஸ்டேரியுஸ், இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர்த் திருமணத்தையும் அதன் தண்ணீர்ச் சாடிகளையும், கட்டிலைச் சுமந்து நடக்கும் முடக்குவாதக்காரனையும் உடையில் காட்டித் திரிந்தவர்களைக் கண்டித்தார். அந்த உடைகளை விற்று ஏழைகளுக்கு உதவுங்கள் என்றார். பழைய ஏற்பாட்டு யோசேப்பின் கதையைச் சொல்லும் வட்டங்களும் பல எஞ்சியுள்ளன. ஒன்றைப் பார்த்து மற்றொன்றாகப் படியெடுத்ததில் சிலவற்றில் உருவங்கள் அடையாளம் தெரியாமல் சிதைந்திருக்கும்.

தமிழில் என்ன சொல்வது? ‘ஒட்டு’ பொருந்தாது. கிழிசலுக்குப் போடுவது ஒட்டு, இதுவோ அழகுக்கு வைப்பது. ‘புட்டா’வும் சேலையின் உடலில் பூவாக நெய்வதையே குறிக்கும். ‘வில்லை’ நமக்குப் பழகிய சொல். சடைவில்லை உண்டு, சேவகர் மார்பில் அணிந்த வில்லையும் உண்டு. தட்டையாக, தனியாக, பார்வைக்கு முன்நிற்பது என்ற மூன்று குணமும் அதில் அடங்குகிறது. ஆகவே செக்மென்டம் ஆடைவில்லை, ஆர்பிகுலஸ் வட்டவில்லை, தபுலா சதுரவில்லை. கிளாவுஸை இறங்குபட்டை என்க. தோள்பட்டை என்று எழுதினால் உடலுறுப்பைக் குறித்துவிடும்.