கிச்சனில் எத்தனை கபோர்டு வரும் என்று கேட்பதற்கு முன்னால்

சமையலறையைப் புதுப்பிக்க வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால், டேப்பை எடுப்பதற்கு முன் நான் ஒரு வேலை செய்யச் சொல்வேன். கீழ் அலமாரிகளைத் திறந்து, பின்வரிசையில் இருப்பதை மட்டும் எடுத்து ஹாலில் வைக்கச் சொல்வேன். வீட்டுக்கு வீடு பெரிய வித்தியாசம் இருக்காது. ரப்பர் பேண்ட் போட்ட ரவை பாக்கெட் இரண்டு மூன்று வரும், ஒன்றில் நூல் கட்டியிருக்கும். கல்லாகிப்போன பெருங்காயம், தேதி முடிந்த பேக்கிங் பவுடர், வீட்டில் இருப்பது தெரியாமல் மறுபடி வாங்கிய கடுகு எல்லாம் வரும். வீட்டுக்காரம்மா சங்கடப்படுவார். அவர் சங்கடப்பட இதில் ஒன்றுமே இல்லை. 2 அடி ஆழத்துக்கு இருட்டாக ஒரு பொந்து கட்டிக் கொடுத்தால், யார் குடும்பம் நடத்தினாலும் பின்வரிசை இப்படித்தான் ஆகும்.

மேடையின் அகலம் 2 அடி. அது வேலை செய்வதற்கான அளவு. அதே 2 அடியை அதற்குக் கீழே அலமாரியாகவும் ஆக்கிவிடுகிறோம். நம் வீடுகளில் புழங்கும் ஒரு கிலோ, இரண்டு கிலோ டப்பாக்களின் விட்டம் 5, 6 இன்ச்தான். 2 அடி ஆழத்தில் அவை நான்கு வரிசை நிற்கும். முதல் இரண்டு வரிசை கைக்கு வரும், மற்ற இரண்டும் அடுத்த பொங்கலுக்குத்தான் வெளிச்சம் பார்க்கும். அதனால் மளிகைக்கென்று தனியாக நிலை அலமாரி போடுவதாக இருந்தால் 12 இன்ச், மிஞ்சினால் 14 இன்ச் ஆழம் போதும் என்று அடித்துச் சொல்வேன். கதவு இடிக்காத ஒரு சுவர், ஒரு அடி ஆழம், தரையிலிருந்து 6 அடி உயரம், தட்டுக்குத் தட்டு இரண்டே வரிசை. இது கிடைத்துவிட்டால் நாலு பேர் உள்ள குடும்பத்தின் மாத மளிகை பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.

ஷோரூமில் காட்டும் உயரமான இழுப்பு அலமாரியை இங்கே பலர் கேட்கிறார்கள். ஒரே பிடியில் மொத்தத் தட்டுகளும் வெளியே வரும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்தாறு தட்டின் எடை முழுவதும் அந்த ஒரு சட்டத்தின் மேல் நிற்கிறது. உளுந்து டப்பாவை எடுக்கப் பருப்பு, எண்ணெய், வெல்லம் எல்லாவற்றையும் சேர்த்து இழுக்க வேண்டும். நம் ஊர்ச் சாமான் கனமானது. அந்தப் பணத்துக்கு நல்ல பிளைவுட்டில் தட்டும், அடியில் நாலு டிராயரும் போட்டுக்கொள்ளச் சொல்வேன்.

சாமானைக் கணக்கெடுக்க நல்ல நாள், மாதப் பிறப்பில் மளிகை வந்து இறங்கும் நாள். அன்றைக்கு அலமாரி, மேடை, டைனிங் டேபிளுக்கு அடி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் எடுத்த படத்தை வைத்துத் திட்டம் போட்டால் இடம் தாராளமாக இருப்பதுபோலத் தெரியும், முதல் வாரத்திலேயே வண்டவாளம் வெளிவரும். ரேஷன் வாங்கும் வீடாக இருந்தால் அந்த அரிசி, சர்க்கரை, பாமாயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் வருஷத்துக்கான புளி, மிளகாய், மல்லி வாங்கி வைக்கிற வீடா, சித்திரை வெயிலில் வடகம் போடுகிற வீடா என்பதையும் டிசைனரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

நங்கநல்லூரில் ஒரு வீட்டில் திரையில் முப்பரிமாணப் படத்தைக் காட்டி முடித்ததும் அந்த அம்மா கேட்டார்: "எல்லாம் அழகா இருக்கு தம்பி. என் புளி ஜாடிய எங்க வைக்கிறது?" உப்புப் போட்டு அமுக்கி வைத்த புளி, பழைய பீங்கான் ஜாடி, 14 இன்ச் உயரம். நாங்கள் போட்டிருந்த டிராயர்களில் மிக ஆழமானதின் உள் உயரமே 10 இன்ச்தான். அடுப்பிலிருந்து தள்ளி ஒரு கீழ்ப் பெட்டியை டிராயர் இல்லாமல் வெறும் கதவோடு விட்டு, அடியில் கிரானைட் துண்டு ஒன்றைப் பதித்தோம். உப்பு ஈரத்தை இழுக்கும். கசிந்தால் பிளைவுட்டும் கெடும், கீலும் துருப்பிடிக்கும். கல் என்றால் துடைத்துவிட்டுப் போய்விடலாம். ஜாடி இருக்கிற வீட்டுக்கு இது அவசியம், இல்லாத வீட்டுக்குத் தேவையே இல்லை. படம் ஒன்றாக இருந்தாலும் எல்லா வீட்டுக்கும் ஒரே கிச்சன் பொருந்தாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது எடை. 25 கிலோ அரிசி மூட்டைக்கு 30 லிட்டருக்குக் குறையாத டிரம் வேண்டும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு பல ஆலைகள் 26 கிலோ மூட்டை போடுகின்றன. சென்னையில் குடிதண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. 14.2 கிலோ கேஸ் நிரம்பிய சிலிண்டர், இரும்பின் எடையோடு 30 கிலோவை எட்டும். இந்த மூன்றையும் வரைபடத்தில் முதலில் வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். பெரும்பாலான வரைபடங்களில் இவை இருப்பதே இல்லை. வேலை முடிந்து குடிபோன பிறகு தண்ணீர் கேன் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும், அரிசி மூட்டை பூஜை அறைக்குப் போய்விடும்.

கனமானது முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கட்டும். அரிசி டிரம்மைச் சக்கரத் தட்டில் நிறுத்தி, மேடைக்குக் கீழே கதவைத் திறந்ததும் வெளியே உருட்டுகிற மாதிரி செய்யலாம். தரையில் நேராக வைத்தால் ஈரம் ஏறும், வண்டு வரும். கேனுக்கு வாசலிலிருந்து வரும் வழியிலேயே, கிச்சனின் முதல் மூலையில், தொடை உயரத்தில் கல் மேடை போட்டுவிடுங்கள். கேன் போடும் பையன் இறக்கி வைத்துவிட்டுப் போவான், வீட்டில் யாரும் குனிந்து தூக்க வேண்டாம்.

கிரைண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டேபிள் டாப் கிரைண்டரைக் கீழ் அலமாரியில் வைத்துத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிற எந்த டிசைனரும் வாரம் இரண்டு தரம் மாவு அரைத்தவராக இருக்க முடியாது. கல்லோடு சேர்த்து அதைத் தூக்கி மேடையில் ஏற்றி, அரைத்து, கழுவி, மறுபடி குனிந்து உள்ளே தள்ளுவது ஐம்பது வயதுக்கு மேல் ஆகிற காரியமா? எல் வடிவ மேடையில் இரண்டு பக்கமும் சேரும் மூலை இருக்கிறதே, அங்கே நின்று யாரும் காய் நறுக்குவதில்லை. கிரைண்டரின் நிரந்தர இடம் அதுதான். பக்கத்திலேயே பிளக் பாயின்ட், கையெட்டும் தூரத்தில் சிங்க். அந்த மூலைக்குக் கீழே உள்ள இருட்டுப் பகுதிக்காக விற்கும் சுழல் தட்டுகளுக்குச் செலவு செய்வதைவிட, எப்போதாவது எடுக்கும் இட்லிக் குண்டான், பெரிய குக்கரை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

மேல் அலமாரியில் உயரத்தைக் கவனியுங்கள். மேடை 32 இன்ச், அதிலிருந்து 22 இன்ச் விட்டு மேல் பெட்டி தொடங்கினால் அதன் அடித்தட்டு நாலரை அடியில் இருக்கும், உச்சி ஆறரை அடிக்குப் போகும். 5 அடி உயரமுள்ள ஒரு பெண் 2 அடி அகல மேடைக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டினால் முதல் தட்டு சுலபம், இரண்டாவது தட்டின் முன்வரிசை எட்டும், அதற்கு மேல் எட்டாது. மேல் தட்டில் தினசரிச் சாமான் வைத்தால் பிளாஸ்டிக் ஸ்டூல் கிச்சனுக்குள் வந்துவிடும். பரணில் இருக்கும் அண்டாவை எடுக்க ஸ்டூலில் ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவர்களை எனக்குத் தெரியும். பரணே வேண்டாம் என்று சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தரம் எடுப்பது மட்டும் அங்கே போகட்டும். மடக்கும் அலுமினிய ஏணி ஒன்றை வாங்கி, அதைச் செருகி வைக்க 6 இன்ச் அகலத்தில் ஒரு இடுக்கையும் திட்டத்திலேயே கேட்டு வாங்குங்கள். வீட்டில் 60 வயதைத் தாண்டியவர் சமைக்கிறார் என்றால் இது எனக்கு டைல்ஸ் நிறத்தைவிட முக்கியம்.

புது அடுக்குமாடிகளில் சுவர் ஏஏசி கல்லாக (காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) இருந்தால் சாதாரண ஸ்க்ரூ பிளக் அடித்து மேல் பெட்டியைத் தொங்கவிடக் கூடாது. அந்தக் கல் மென்மையானது, அதற்கென்றே உள்ள ஆங்கர், அதாவது சுவரைக் கவ்விப் பிடிக்கும் போல்ட், வேண்டும். பெட்டியை மாட்டிய அன்று ஒன்றும் தெரியாது, டப்பாக்கள் நிறைந்த பிறகுதான் சுவரிலிருந்து விலக ஆரம்பிக்கும்.

சிலிண்டரை மேடைக்கடியில் கதவு போட்டு மூடுகிறவர்கள் அந்தக் கதவில், தரையை ஒட்டினாற்போல், காற்றோட்ட இடைவெளி விட்டே ஆக வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். அந்தப் பெட்டிக்குள் பிளக் பாயின்ட் கூடாது. பழைய பேப்பர், துடைப்பம், வெங்காயக் கூடை எதையும் உள்ளே திணிக்கக் கூடாது. ரப்பர் குழாய் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். அதை 5 வருஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும், மறைந்து கிடந்தால் நினைவே வராது.

சிங்க்குக்குக் கீழே டாய்லெட் கழுவும் ஆசிட் வைக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. மூடி சரியாக இல்லாவிட்டால் அந்த ஆவி பக்கத்து டிராயரின் தண்டவாளத்தையும் கீல்களையும் அரித்துவிடும். இரண்டே வருஷத்தில் டிராயர் துருப்பிடித்துவிட்டது என்று கம்பெனியைத் திட்டும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது சிங்க் அடியைத்தான். குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் பெரிய ஆபத்து. ஆசிட்டும் பினாயிலும் குளியலறைப் பக்கம், உயரத்தில் இருக்கட்டும்.

பழைய வீட்டில் கடப்பாக்கல் தட்டுகள் இருந்தால், தயவு செய்து அவசரப்பட்டு உடைக்க வேண்டாம். அது ஊறாது, வீங்காது, கரையான் தின்னாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அப்போது பார்ட்டிகிள் போர்டில் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) செய்த கீழ்ப் பெட்டிகள் ஊறி உப்பிக் குப்பைக்குப் போயின. கடப்பாக்கல்லைக் கழுவிவிட்டால் போதும். அதன் ஒரே குறை அந்த 2 அடி ஆழம்தான். கல்லுக்கு நடுவில் இழுக்கும் தட்டுகளைப் பொருத்தி, முன்னால் அலுமினியச் சட்டக் கதவு போட்டால் அந்தக் குறையும் போய்விடும், செலவும் குறையும். புதிதாகச் செய்கிறவர்கள் சிங்க் பக்கத்துக்காவது ஐஎஸ் 710 முத்திரையுள்ள (தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக் குறியீடு) பிளைவுட்டைக் கேட்டு வாங்குங்கள். மரைன் பிளை என்று வாயால் சொன்னால் போதாது, பலகையில் முத்திரையைப் பாருங்கள்.

1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் முன்னோடி. மொத்தம் ஆறரை சதுர மீட்டர், நம் கணக்கில் 70 சதுர அடி. அதில் அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த சின்ன அலுமினியப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. உருவி எடுத்து அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். மாவுக்கு மட்டும் புழு அண்டாத ஓக் மரப் பெட்டி. நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதும் அதே யோசனைதான்: ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம், திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். 70 சதுர அடியில் அது முடிந்தது என்றால், இடம் சின்னது என்று நாம் மனம் தளர வேண்டியதில்லை.

வெங்காயம், உருளைக்கிழங்கை மூடிய டிராயரில் போடாதீர்கள். காற்று புகும் கூடை வேண்டும், உருளை மேல் வெளிச்சம் படக் கூடாது. மிளகாய்த்தூள், மல்லித்தூளை அடுப்புக்கு நேர் மேலே வைத்தால் சூட்டிலும் ஆவியிலும் மணம் போய்விடும். அடுப்புக்குப் பக்கத்து டிராயர் போதும்.

கடைசியாக ஒன்று, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன். வரைபடத்தில் எழுதியிருப்பது வெளி அளவு. 600 மில்லிமீட்டர் அகலப் பெட்டியில் இரண்டு பக்கமும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் போக உள்ளே 564தான் மிஞ்சும், டிராயரின் பக்கச் சுவரும் தண்டவாளமும் அதிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு டிராயருக்கும் உள் அகலம், உள் உயரம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் அரிசி டிரம், எண்ணெய் கேன், தோசைக்கல், ஜாடி நான்கையும் டேப்பால் அளந்து பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எது எதில் போகும் என்று டிசைனர் ஒவ்வொன்றாகக் கைகாட்டிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.