வரியை எங்கே உடைப்பது? கிளாங்-ஃபார்மேட் போடும் கணக்கு

"கோப்பைச் சேமித்தவுடன் என் கமென்ட்டை மட்டும் ஏன் இப்படிப் பிய்த்துப் போடுகிறது? எதை மாற்றினால் நிற்கும்?" என்று சி++ எழுதும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். (கமென்ட் என்பது நிரலுக்குள் மனிதர்கள் படிப்பதற்காக எழுதிவைக்கும் குறிப்பு.) நிரலின் இடைவெளிகளையும் வரிகளையும் ஒரே பாணியில் தானாகவே அடுக்கித் தரும் கருவியான கிளாங்-ஃபார்மேட் அவர் அலுவலகத்தில் கட்டாயமாம். எந்த எண்ணை மாற்றுவது என்பதைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு அவ்வளவு அழகானது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதல் படிகள் தெரிந்தவைதான். நிரலை டோக்கன்களாக, அதாவது பெயர், எண், குறி போன்ற சின்னத் துண்டுகளாகப் பிரிக்கிறது, நாம் விட்ட இடைவெளிகளில் பெரும்பாலானவற்றை மறந்துவிடுகிறது, ஒவ்வொரு கூற்றையும் ஒரே நீளமான வரியாக எடுத்துக்கொள்கிறது. வரி 80 கட்டத்துக்குள் அடங்கினால் வேலை முடிந்தது. (1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள். அட்டை போய்விட்டது, எண் மட்டும் நின்றுவிட்டது.) அடங்காவிட்டால்தான் சுவாரசியமே.

ஒவ்வொரு டோக்கனுக்கு முன்னும் இரண்டே வழி: அதே வரியில் தொடரலாம், அல்லது அடுத்த வரிக்குப் போகலாம். உடைக்கக்கூடிய இடம் 20 இருந்தால் 10,48,576 வடிவங்கள் சாத்தியம். எது நல்ல வடிவம்? கீழே ஒரு ஃபங்ஷன் அழைப்பு, இரண்டு விதமாக:

ஒதுக்கு(பயணி, கட்டணம்(தூரம்,
                    வகுப்பு), இருக்கை)

ஒதுக்கு(பயணி, கட்டணம்(தூரம், வகுப்பு),
        இருக்கை)

இரண்டிலும் ஒரு உடைப்புதான். ஆனாலும் இரண்டாவதைத்தான் நம் கண் விரும்பும், ஏனென்றால் முதலாவது, சேர்ந்தே இருக்க வேண்டிய இரண்டைப் பிரித்துவிட்டது. இந்த விருப்பத்தைக் கருவிக்குச் சொல்லிக்கொடுக்க ஒரே வழி, அதை எண்ணாக்குவது. அதனால் ஒவ்வோர் உடைப்புக்கும் ஒரு அபராதம். அடைப்புக்குறிக்குள் எவ்வளவு ஆழமாகப் போய் உடைக்கிறோமோ, அபராதம் அவ்வளவு கூடும். கிளாங்-ஃபார்மேட்டை உருவாக்கிய எல்எல்விஎம் திட்டத்தின் பாணியில், ஃபங்ஷனின் ரிட்டர்ன் டைப்பை (அது திருப்பித் தரும் மதிப்பின் வகையை) தனி வரியில் விட்டால் 60, கமென்ட்டை உடைத்தால் 300, மேற்கோளுக்குள் இருக்கும் ஸ்ட்ரிங்கை உடைத்தால் 1,000. வரம்பைத் தாண்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் 10,00,000.

இனி, மொத்த அபராதம் மிகக் குறைவான வடிவத்தைத் தேட வேண்டும். பத்து லட்சம் வடிவங்களையும் எழுதிப் பார்த்தால் கோப்பைச் சேமிக்கவே நேரம் போதாது. இங்கேதான் நெதர்லாந்தின் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா வருகிறார். 1956இல், ரோட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்கு எது குறுக்கு வழி என்ற கேள்விக்கு, ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, காகிதமும் பேனாவும் இல்லாமல் இருபது நிமிடத்தில் அவர் யோசித்த வழிமுறையின் ஒரு வகைதான் கிளாங்-ஃபார்மேட்டுக்குள் ஓடுகிறது. ஊர்களின் இடத்தில் "நிலைகள்", தூரத்தின் இடத்தில் அபராதம்.

நிலை என்றால் என்ன? இப்போது எந்த டோக்கனில் நிற்கிறோம், வரியில் எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறோம், இன்னும் மூடாத அடைப்புக்குறிகள் ஒவ்வொன்றும் எந்த ஓரத்தை நினைவில் வைத்திருக்கின்றன. இவ்வளவுதான். இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பது இனிமேல் நடக்கப்போவதை மாற்றாது. ஆகவே இரண்டு வெவ்வேறு உடைப்பு வரிசைகள் ஒரே நிலையில் வந்து முடிந்தால், குறைந்த அபராதத்தோடு வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடலாம். அதோடு அதன் வால் பிடித்து வரவிருந்த ஆயிரக்கணக்கான வடிவங்களும் போய்விடும்! காத்திருக்கும் நிலைகளின் வரிசையில் எப்போதும் குறைந்த அபராதம் உள்ள நிலையே முதலில் வெளியே வருகிறது. அபராதம் கூடுமே தவிரக் குறையாது என்பதால், கடைசி டோக்கனை முதலில் தொடும் பாதையே சிறந்த பாதை. பார்க்காமல் விட்டவற்றில் இதைவிட மலிவானது இருக்க முடியாது.

கல்லூரியில் இந்த வழிமுறையை நான்கைந்து வட்டங்களும் கோடுகளும் போட்டு, தேர்வுக்கு எழுதவைத்து அனுப்பிவிடுகிறோம். மாணவர்கள் தினமும் தட்டும் "சேவ்" பொத்தானுக்குப் பின்னால் அதே கணக்கு ஓடுகிறது என்பதை ஒரு வகுப்பிலாவது காட்ட வேண்டும். பாடத்திட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

சரி, வாசகரின் கமென்ட்டுக்கு வருவோம். அவருடைய கமென்ட் வரம்பை 3 எழுத்து தாண்டுகிறது என்று வையுங்கள். அப்படியே விட்டால் அபராதம் 30 லட்சம், உடைத்தால் 300. கருவி உடைக்கத்தான் செய்யும். தாண்டும் எழுத்துக்கான அபராதத்தை 50 ஆக்குங்கள். இப்போது விட்டால் 150, உடைத்தால் 300. கமென்ட் தப்பிவிடும். 7 எழுத்து தாண்டினால் 350, அப்போது உடைபடும். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த எண் கமென்ட்டுக்கு மட்டுமானது அல்ல, நிரலின் மற்ற வரிகளும் கொஞ்சம் தாராளமாக நீளும். கமென்ட் மட்டும்தான் பிரச்சினை என்றால் கமென்ட்டை மடித்து எழுதும் அமைப்பையே நிறுத்திவிடலாம். கமென்ட்டுக்குள் கையால் அட்டவணையோ படமோ வரைந்து வைப்பவர்களுக்கு அதுதான் நிம்மதி. ஓரிடத்தில் மட்டும் தொடக்கூடாது என்றால், அதற்கு முன்னும் பின்னும் "கிளாங்-ஃபார்மேட் ஆஃப்", "கிளாங்-ஃபார்மேட் ஆன்" என்று ஆங்கிலத்தில் கமென்ட் போட்டால் போதும்.

கமென்ட்டில் இன்னொரு வசதியும் உண்டு. இரட்டைச் சாய்கோடு (//) வந்தால் வரி முடியும் வரை கமென்ட்தான், எனவே அதற்குப் பிறகு வரியை உடைத்தே ஆக வேண்டும். இது அபராதத்துக்கெல்லாம் அப்பாற்பட்ட விதி. ஒரு பட்டியலில் வரிக்கு ஒரு உறுப்பு என்று நிற்க வேண்டுமா? ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வெறும் // போட்டுவிடுங்கள். கருவி அவற்றை ஒன்றுசேர்க்க முடியாது.

தமிழில் கமென்ட் எழுதுபவர்களுக்கு ஒரு தகவல். "தமிழ்" என்ற சொல் நமக்கு 3 எழுத்து, யூனிகோடில் 5 குறிகள், யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட். கிளாங்-ஃபார்மேட் பைட்டை எண்ணுவதில்லை, திரையில் பிடிக்கும் அகலத்தைக் கணிக்கிறது. புள்ளிக்கு இடம் ஒதுக்காது, ஆனால் "மி"யின் கொக்கிக்கு ஒரு கட்டம் கொடுத்துவிடும். தமிழ் கமென்ட்டுகள் நம் கண் எதிர்பார்க்கும் இடத்தில் உடையாததற்கு இது ஒரு காரணம்.

இவ்வளவு எண்களும் தேவையா என்றால், எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. கோ மொழியின் ஃபார்மேட்டர் அகலம் பார்த்து வரியை உடைப்பதே இல்லை, நாம் உடைத்த இடத்திலேயே விட்டுவிடுகிறது. பைத்தானின் பிளாக் 88 என்று ஓர் அகலத்தை வைத்துக்கொண்டு மிகச் சில அமைப்புகளையே தருகிறது. எனக்கும் குறைவாக மாற்றுவதே பிடிக்கும். அகலம், தாண்டும் எழுத்தின் அபராதம், கமென்ட் மடிப்பு ஆகிய மூன்றைத் தொட்டாலே பெரும்பாலான குழுக்களின் சண்டை அடங்கிவிடும். மாற்றியபின் மொத்த நிரலையும் ஒரே தடவையில் ஃபார்மேட் செய்து, வேறு எந்தத் திருத்தமும் கலக்காமல், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் தனி கமிட்டாக (ஒரே பதிவாக) போடுங்கள். யார் எந்த வரியை எழுதினார்கள் என்று கிட்டில் தேடும்போது அந்த ஒரு கமிட்டை மட்டும் தவிர்க்கச் சொல்லும் வசதி 2019 முதல் இருக்கிறது.