சீனி ஏன் நீலத்திலேயே நின்றுவிடுகிறது?

வெள்ளவத்தையில் உயர்தரம் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "பெனடிக்ற் சோதனையில் குளுக்கோசு செங்கட்டிச் சிவப்பாகிறது. அதைவிட இனிப்பான சீனி நீலமாகவே இருக்கிறதே, ஏன்?"

பெனடிக்ற் சோதனை என்றால், வெல்லத்தை நீல நிறப் பெனடிக்ற் கரைசலுடன் சேர்த்துச் சூடாக்கி நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது. கரைசலின் நீலம் செப்பு அயன்களுடையது. காரத்துக்குச் சோடியம் காபனேற்று, செப்பைக் கரைசலில் பிடித்துவைக்கச் சோடியம் சித்திரேற்று. சூடாக்கும்போது யாராவது இலத்திரன் கொடுத்தால் செப்பு அதை வாங்கி, அதாவது தாழ்த்தப்பட்டு, குப்பிரசு ஒட்சைட்டு என்ற சிவப்பு வீழ்படிவாகக் குழாயின் அடியில் இறங்கும். கொஞ்சம் என்றால் பச்சை, கூடக்கூட மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

எனக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. நீரில் குளுக்கோசு பெரும்பாலும் வளையமாகவே கிடக்கும். வளையமாக இருக்கும்வரை செப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்த வளையம் முதலாம் காபனில் அவிழும், மறுபடி மூடும். அவிழ்ந்த கணத்தில், இலத்திரன் கொடுக்கக்கூடிய அல்டிகைட்டுக் கூட்டம் வெளியே வரும். எப்போது பார்த்தாலும் ஆயிரத்தில் ஒன்றுகூட அவிழ்ந்திருக்காது. அவ்வளவு சொற்பம் எப்படிக் குழாய் முழுவதையும் சிவக்க வைக்கிறது? அவிழ்ந்ததைச் செப்பு பறித்துக்கொண்டதும், சமநிலையை ஈடுசெய்ய இன்னொரு வளையம் அவிழ்கிறது. அப்புறம் இன்னொன்று. இப்படியே எல்லாமே வரிசையில் வந்துவிடும்.

சீனி என்ற சுக்குரோசில் குளுக்கோசின் முதலாம் காபனும் பிரக்டோசு என்ற இன்னொரு வெல்லத்தின் இரண்டாம் காபனும் பிணைந்திருக்கின்றன. இரண்டு வளையமும் அவிழக்கூடிய இடங்கள் அவைதான். எதிரெதிர் வீட்டுக் கதவுகளை ஒரே கயிற்றால் இழுத்துக் கட்டினால் இரண்டுமே திறக்காது அல்லவா? இரண்டு குளுக்கோசு சேர்ந்த மோற்றோசில் ஒரு கதவு கட்டப்படவில்லை, அதனால் அது செப்பைத் தாழ்த்தும் வெல்லம்.

கயிற்றை அறுக்க ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்துடன் சூடாக்க வேண்டும். பிறகு நுரைப்பது ஓயும்வரை சோடியம் இருகாபனேற்று போட வேண்டும். அமிலம் மிஞ்சினால் பெனடிக்ற்றின் காரம் போய்விடும். இப்போது சோதித்தால் சீனியும் சிவக்கும். நான் படித்த பாடசாலையில் இதைக் கரும்பலகையிலேயே முடித்துவிட்டார்கள். பெனடிக்ற் கரைசலுக்கு வேண்டிய சில கரண்டி செப்பு சல்பேற்றுக்குக் காசில்லை என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

பனஞ்சாறு இறக்கும் முட்டியில் சுண்ணாம்பு பூசுவதும் இந்தக் கயிற்றைக் காக்கத்தான். பூசாவிட்டால் நுண்ணங்கிகள் சுக்குரோசை உடைத்துக் கள்ளாக்கிவிடும். பூசினால் புளிக்காத இனிப்புச் சாறான கருப்பநீர். உடைந்த வெல்லம் கூடிய சாற்றைக் காய்ச்சினால் பனங்கட்டி சரியாக இறுகாது, பிசுபிசுவென்றே நிற்கும். தங்கை ஓலைப்பெட்டியில் வரும் ஒரு பனங்கட்டிக் குட்டான் வாங்கி, ஒரு சிறு துண்டு கிள்ளி எடுத்து, அதன் கபில நிறம் மறைக்காதபடி நன்றாக ஐதாக்கிச் சோதித்துப் பார்க்கலாம். பச்சையில் நிற்கிறதா, சிவப்புவரை போகிறதா?