கிளட்ச் ஷாட்

மார்ச் மாதம் வந்துவிட்டால் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களிடம் ஒரு பழைய சண்டை மறுபடி கிளம்பும். கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ நடத்தும் தொடரின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த கிளட்ச் ஷாட், அதாவது நெருக்கடியில் போட்ட கூடை, எது? 1939-இல் தொடங்கிய தொடர் இது. இப்போது 68 அணிகள் ஆடுகின்றன. ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றாலும் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். அதனால் கடைசி நொடிக் கூடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெளிவாக்கிக்கொண்டால் சண்டையில் பாதி அடங்கிவிடும்.

கிளட்ச் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வண்டியில் இடது காலால் மிதிப்பது. சொல்லின் வேர் காலில் இல்லை, கையில் இருக்கிறது. விரல்களை மடக்குவதைக் குறித்த பழைய ஆங்கில வினைச்சொல் ஒன்று, போகப்போக ‘இறுகப் பற்று’ என்று ஆனது. எந்திரத்தில் ஒரு சுழலும் பாகம் இன்னொன்றைப் பற்றிக்கொள்வதால் அந்த அமைப்புக்கும் அதே பெயர் வந்தது. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில், நிலைமை இறுகிப்போன நேரத்தைக் கிளட்ச் என்று சொல்லத் தொடங்கினார்கள். அங்கிருந்து கூடைப்பந்துக்கும் பரவியது.

பிடிப்பதைச் சொல்லும் சொல் நெருக்கடியையும் சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறோம். குறட்டுக்கு இடுக்கி என்றும் பெயர். ஒடுங்கிய சந்து இடுக்கு. துன்பத்துக்கு இடுக்கண். இதை இடுங்கு, கண் என்று பிரித்து, துயரத்தில் கண் சுருங்குவதைச் சொல்வார்கள். பற்றுவது, ஒடுங்குவது, துன்பப்படுவது எல்லாம் ஒரே சொற்குடும்பத்துக்குள் இருக்கின்றன. ஆங்கிலச் சொல் போன வழியில் நம் சொல் எப்போதோ போய்வந்துவிட்டது.

சரி, வாதத்துக்கு வருவோம். இதில் குழப்பம் உண்டாக்குவது, நேரம் முடியும் கணத்தில் போடும் கூடையைக் குறிக்கும் பஸ்ஸர் பீட்டர் என்ற இன்னொரு சொல். ஆட்டம் முடிந்ததை அறிவிக்கும் ஒலி எழுவதற்குள் பந்து கையை விட்டிருக்க வேண்டும். அது காற்றில் இருக்கும்போது ஒலி எழுந்தாலும் பரவாயில்லை. இது கடிகாரத்தைப் பற்றிய சொல், அவ்வளவுதான். கிளட்ச் என்பது நிலைமையைப் பற்றியது. 1982 இறுதி ஆட்டத்தில் வட கரோலினாவின் முதலாண்டு மாணவர் மைக்கேல் ஜோர்டன் ஜார்ஜ்டவுனுக்கு எதிராகப் போட்ட கூடை தொடரின் பெரிய கிளட்ச் ஷாட்களில் ஒன்று. 61-62 என்று பின்தங்கியிருந்த அணி 63-62 என்று வென்றது. ஆனால் அவர் பந்தை எறிந்தபோது சுமார் 15 நொடி மிச்சமிருந்தது. அதைப் பஸ்ஸர் பீட்டர் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க 2016 இறுதி ஆட்டத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஹூஸ்டனில் வில்லனோவாவும் வட கரோலினாவும் மோதின. வட கரோலினா மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. மார்கஸ் பெய்ஜ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எழும்பினார். தடுக்க ஒருவர் பாய்ந்து வருகிறார். அந்தரத்திலேயே பந்தைக் கீழே இழுத்து, கால்களை மடக்கி, இறங்கும் நேரத்தில் மறுபடி எறிந்தார். விழுந்தது! 74-74. மிச்சம் 4.7 நொடி. இப்படி அந்தரத்தில் இழுத்து எறிவதற்குப் பெயர் டபுள் கிளட்ச்; பழைய லாரிகளில் கியர் மாற்ற இரண்டு முறை மிதிப்பார்களே, அதே சொல். ஒரே ஷாட்டில் கிளட்ச் என்பதன் இரண்டு பொருளும் வந்து உட்கார்ந்துகொண்டன.

அப்புறம் நடந்ததுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கிரிஸ் ஜென்கின்ஸ் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார். ரயன் ஆர்சிடியாகனோ திருப்பிக் கொடுத்ததை வாங்கி எறிந்தார். பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்தது. 77-74. எந்தப் பட்டியலை எடுத்தாலும் ஜென்கின்ஸ் மேலே இருக்கிறார், பெய்ஜ் அடிக்குறிப்பில் இருக்கிறார். எனக்கு இது உறுத்துகிறது. ஜென்கின்ஸ் தவறவிட்டிருந்தால் கூடுதல் நேரம் கிடைத்திருக்கும். பெய்ஜ் தவறவிட்டிருந்தால் ஆட்டமே அநேகமாக அங்கே முடிந்திருக்கும். இறுக்கத்தை வைத்து அளந்தால் பெய்ஜின் ஷாட்தான் பெரியது.

இந்த அளவுகோலில் பார்த்தால் 1992-இல் பிலடெல்பியாவில் டியூக்கின் கிறிஸ்டியன் லெட்னர் போட்டதை அசைக்க முடியாது. கூடுதல் நேரத்தில் கென்டக்கி 103-102 என முன்னால். மிச்சம் 2.1 நொடி. கிராண்ட் ஹில் ஆடுகளத்தின் மறுகோடியிலிருந்து பந்தை நீளமாக வீச, லெட்னர் கூடைக்கு முதுகு காட்டியபடி பிடித்தார். பிடித்த உடனே எறியவில்லை. ஒருமுறை தரையில் தட்டி, திரும்பி, அதற்குப் பிறகுதான் எறிந்தார். அந்த ஒரு தட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அன்று அவர் கூடையை நோக்கி எறிந்த பத்தும், எதிரணியின் தவறுகளுக்காகக் கிடைத்த தண்ட எறிகள் பத்தும் ஒன்றுகூடத் தவறவில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பிடிப்பு ஷாட்’ என்றால் யாருக்கும் புரியாது. பஸ்ஸர் பீட்டருக்குக் கடைநொடிக் கூடை போதும். கிளட்ச் ஷாட்டுக்கு இக்கட்டு வீச்சு என்பேன். இடுக்கண் வீச்சு வேருக்கு நெருக்கம்தான், ஆனால் வாயில் வராது. கிளட்ச் வீரர் என்பதற்குப் புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை. இக்கட்டில் கைகொடுப்பவர் என்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் மறைந்துபோன அந்தக் கை நம் சொல்லில் இன்னும் இருக்கிறது.

2018-இல் நோத்ர தாம் மகளிர் அணியின் அரிக்கே ஒகுன்போவாலே அரையிறுதியில் ஒரு நொடி மிச்சமிருக்கும்போதும், இறுதியில் 0.1 நொடி மிச்சமிருக்கும்போதும் அணிக்குக் கைகொடுத்தார். 2010 இறுதியில் பட்லர் 59-61 என்று டியூக்கிடம் பின்தங்கியிருந்தபோது கோர்டன் ஹேவர்ட் நடுக்கோட்டருகிலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டு, வளையத்தில் பட்டு, வெளியே விழுந்தது. உள்ளே விழுந்திருந்தால் கடைநொடிக் கூடை, இக்கட்டு வீச்சு என்ற இரண்டு பெயரும் அதற்குப் பொருந்தியிருக்கும்.