சூலகத்துப் புள்ளிகளும் இன்சுலினும்

மட்டக்களப்பு டவுனிலோ கல்முனையிலோ ஸ்கான் எடுத்துவிட்டு வரும் இளம் பெண்ணின் ரிப்போட்டில், சூலகம் இரண்டிலும் நீர்க்கட்டிகள் என்று எழுதியிருந்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி, இதை எப்படிக் கரைப்பது என்பதுதான். ஆளுக்கொரு கசாயம் சொல்வார்கள். ஒப்பரேஷன் செய்து எடுத்துவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. உண்மையில் எடுப்பதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை. ஸ்கானில் கறுப்பாகத் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முட்டையைச் சுமக்கும் சின்னப் பை. அவை எல்லாப் பெண்களுக்கும் இருப்பவைதான். பிசிஓஎஸ் (பொலிசிஸ்டிக் ஓவரி சின்ட்ரோம்) என்ற ஹோர்மோன் கோளாறு உள்ளவர்களிடம் அவை பாதி வளர்ந்து நின்றுபோய், கூட்டமாகத் தங்கிவிடுகின்றன.

சாதாரணமாக மாதந்தோறும் இப்படிப் பல பைகள் ஒன்றாக வளரத் தொடங்கும். ஒன்று மட்டும் மற்றவற்றை முந்தி ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் வரை பெருத்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். மிச்சமெல்லாம் சுருங்கிவிடும். பிசிஓஎஸ்ஸில் அப்படி முந்துகிற ஒன்று பல மாதங்களில் வருவதே இல்லை. எல்லாம் 10 மில்லிமீற்றரைத் தாண்டாமல் நிற்கின்றன. ஏன் என்று தேடினால் சூலகத்தை விட்டு மூளைக்குப் போக வேண்டியிருக்கிறது.

மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ், ஜி.என்.ஆர்.எச். என்ற ஹோர்மோனைக் கபச்சுரப்பிக்கு அனுப்புகிறது. அது தொடர்ந்து வழிவதில்லை, விட்டு விட்டுத் துடிப்பாக வருகிறது. அந்த இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதை 1978இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஏர்ணஸ்ட் நோபிலின் குழு ரீசஸ் குரங்குகளில் காட்டியது. இந்த ஹோர்மோன் சுரக்காதபடி செய்யப்பட்ட குரங்குகளுக்கு மணிக்கு ஒரு தடவை அதை ஏற்றியபோது கபச்சுரப்பி நன்றாக வேலை செய்தது. அதே ஹோர்மோனை நிறுத்தாமல் ஏற்றியபோது அடங்கிப்போனது. பிறகு வந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. துடிப்பு வேகமாக வந்தால் கபச்சுரப்பி எல்.எச். என்ற ஹோர்மோனைக் கூடுதலாக விடும். மெதுவாக வந்தால் எஃப்.எஸ்.எச். என்ற இன்னொரு ஹோர்மோனின் பங்கு கூடும்.

இந்த இரண்டுக்கும் சூலகத்தில் வேறு வேறு வேலை. முட்டைப்பையின் வெளிச்சுவர்ச் செல்கள் எல்.எச். சொல்கேட்டு ஆண்தன்மை ஹோர்மோன்களைச் செய்கின்றன. இது எல்லாப் பெண்களிலும் நடப்பதுதான். உட்சுவர்ச் செல்கள் எஃப்.எஸ்.எச்.சின் உதவியோடு அவற்றை ஈஸ்ட்ரோஜனாக மாற்றி, பையையும் வளர்க்கின்றன. பிசிஓஎஸ் உள்ள பலரிடம் மூளையின் துடிப்பு வேகமாகவே ஓடுகிறது. எல்.எச். கூடுகிறது, எஃப்.எஸ்.எச். போதாமல் போகிறது. வெளிச்சுவர் மிகையாக உழைக்க, உட்சுவரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. பைகள் பாதியில் நிற்கின்றன. மீந்துபோன ஆண்தன்மை ஹோர்மோன் இரத்தத்தில் கலந்து முகத்தில் முடியாகவும் பருவாகவும் தெரிகிறது.

சரி, துடிப்பை மெதுவாக்க உடம்பில் வழியில்லையா? இருக்கிறது. முட்டை வெளியான பிறகு மிஞ்சும் பை புரோஜெஸ்டரோனைச் சுரக்கும். அதுதான் மூளையின் வேகத்தைக் குறைக்கும். முட்டையே வெளியாகாவிட்டால் புரோஜெஸ்டரோன் எங்கிருந்து வரும்? போதாததற்கு, ஆண்தன்மை ஹோர்மோன் கூடியிருக்கும்போது மூளை புரோஜெஸ்டரோனின் பேச்சையும் எளிதில் கேட்பதில்லை. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு இந்தச் சுற்று அப்படியே ஓடும்.

இந்தச் சுற்றுக்குள், இரத்தத்துச் சீனியைத் தசைக்குள் சேர்க்கும் இன்சுலினும் இருக்கிறது என்பது 1980இல்தான் ஆய்வாகப் பதிவானது. பிசிஓஎஸ் உள்ளவர்களின் இரத்தத்தில் ஆண்தன்மை ஹோர்மோனும் இன்சுலினும் சேர்ந்தே உயர்ந்திருந்தன. 1989இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்ட்ரியா டுனய்ஃபின் குழு, உடல் பருமனைக் கழித்துப் பார்த்தாலும் இந்தப் பெண்களின் தசைகள் இன்சுலினுக்குச் சரியாகப் பணிவதில்லை என்று காட்டியது. தசை பணியாதபோது கணையம் இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. வீட்டில் ஒருவருக்குக் காது மந்தம் என்று எல்லோரும் கத்திப் பேசினால், நன்றாகக் காது கேட்பவர்தான் அவதிப்படுவார். இங்கே நன்றாகக் கேட்பது சூலகம். இன்சுலின் ஏறியதும் வெளிச்சுவர்ச் செல்கள் எல்.எச்.சோடு சேர்த்து அதற்கும் உழைக்கின்றன. கல்லீரலும் தன் பங்குக்கு, ஆண்தன்மை ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோனைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தைக் குறைத்துவிடுகிறது.

மெலிந்த பெண்ணுக்கும் பிசிஓஎஸ் வருவதன் காரணத்தில் ஒரு பகுதி இதுதான். தெற்காசியர்களான நமக்கு எடை அதிகம் ஏறாமலே இன்சுலின் எதிர்ப்பு வரும் போக்கும் உண்டு. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு, 2008இல் வெளியானது, 6.3 சதவீதத்தினருக்குப் பிசிஓஎஸ் இருப்பதாகக் கண்டது. நம் பக்கத்துச் சாப்பாடோ காலையில் பிட்டு, பகல் சோறு, இரவு இடியப்பம், இடையிடையே சீனி போட்ட தேத்தண்ணி. நாள் முழுக்கத் தையல் மெசினில் இருப்பவருக்கு இந்த மாச்சத்தை எரிக்கத் தசைக்கு வேலையும் இல்லை. இதற்கென்று தனி டயட் எதுவும் மற்றதைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. பருமனானவர் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரக்கூடும். எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சி தசையின் மந்தத்தைக் குறைக்கும்.

வெட்டி எடுக்கும் யோசனைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1935இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவென்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களின் சூலகங்களிலிருந்து ஆளுக்கொரு துண்டு வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கர்ப்பமானார்கள். ஆண்தன்மை ஹோர்மோன் செய்யும் திசு குறைந்ததால் சுற்று தற்காலிகமாக உடைந்தது என்றுதான் இன்று விளக்குகிறார்கள். ஆனால் வெட்டிய இடத்தில் தழும்புத் திசு ஒட்டிக்கொண்டு, பிள்ளை தங்குவதற்கு அதுவே புதுத் தடையானது. நல்ல குளிசை வந்ததும் அந்தச் சத்திரசிகிச்சை ஒதுங்கிவிட்டது.

எந்தக் குளிசை நல்லது என்பதைத் தீர்மானித்த விதம்தான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. 2007இல் அமெரிக்காவில் 626 பெண்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்தார்கள். முட்டையை வெளியே விடச் செய்யும் பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 22.5 சதவீதத்தினருக்குப் பிள்ளை பிறந்தது. மெட்ஃபோர்மின் மட்டும் எடுத்தவர்களில் 7.2 சதவீதம்தான். சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோர்மினில் அதுவரை இருந்த நம்பிக்கை பெரிது, முடிவு வந்ததும் பலருக்கு ஏமாற்றம். இன்சுலின் ஒரு கண்ணி என்பது சரி, அதை மட்டும் பிடித்து இழுத்தால் போதாது என்று தெரிந்தது.

அப்புறம் லெட்ரசோல். மார்பகப் புற்றுநோய்க்கு வந்த குளிசை இது. ஈஸ்ட்ரோஜன் உண்டாவதைச் சில நாட்களுக்குத் தடுக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதே என்று மூளை எஃப்.எஸ்.எச்.சை உயர்த்துகிறது, நின்றுபோன பைகளில் ஒன்று நகரத் தொடங்குகிறது. 2014இல் வெளியான ஆய்வில் 750 பெண்கள் சேர்ந்தார்கள். லெட்ரசோல் எடுத்த 374 பேரில் 103 பேருக்கும், குளோமிஃபீன் எடுத்த 376 பேரில் 72 பேருக்கும் பிள்ளை பிறந்தது. முட்டை வெளியானதா, கர்ப்பம் தங்கியதா என்பதோடு நிற்காமல் உயிரோடு பிறந்த பிள்ளைகளை எண்ணியதில்தான் இந்த ஆய்வின் பலம். ஆனால் அந்தப் பெண்களின் சராசரி பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையின் அளவு) 35. நம் பக்கத்தில் இவ்வளவு பருமனானவர்கள் குறைவு, அதனால் இந்த எண்களை அப்படியே இங்கே பொருத்தக்கூடாது. குளிசையின் மேல் பயமும் இருந்தது. பிள்ளைக்குக் குறை வரலாம் என்ற சந்தேகத்தில் இந்தியா 2011இல் இந்தப் பயன்பாட்டைத் தடைசெய்து, 2017இல் தடையை நீக்கியது. இன்று பிசிஓஎஸ்ஸுக்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டி லெட்ரசோலைத்தான் முதலில் வைக்கிறது.

இன்னொன்று. அந்த 2014 ஆய்வில் பெண்களைச் சேர்க்குமுன் கணவரின் விந்தணுவையும் பரிசோதித்தார்கள். நம் ஊரில் கலியாணம் முடிந்து இரண்டு வருடம் போனால் பெண்ணை மட்டும்தான் கிளினிக் கிளினிக்காகக் கூட்டிக்கொண்டு அலைவார்கள். மலிவான, ஊசிகூடத் தேவைப்படாத அந்தப் பரிசோதனை கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

பெரியபிள்ளையாகி ஓரிரு வருடமான மகளை ஸ்கானுக்கு அழைத்துப்போகும் தாய்மாருக்கு 2023இன் வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது: முதல் மாதவிடாயிலிருந்து எட்டு வருடம் வரை பிசிஓஎஸ்ஸைக் கண்டுபிடிக்க ஸ்கான் வேண்டாம். அந்த வயதில் புள்ளிகள் நிறையத் தெரிவது சாதாரணம். முதல் வருடத்தில் மாதம் தவறுவதும் சாதாரணம். முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கொடுத்துவிட்டுக் காத்திருந்த அம்மம்மாமார் அந்த முதல் வருட விஷயத்தில் சரியாகத்தான் இருந்தார்கள்.

காத்திருக்கக்கூடாத இடமும் உண்டு. வளர்ந்த பெண்ணுக்கு 90 நாளுக்கு மேல் மாதவிடாய் வராமலே போனால் கர்ப்பப்பையின் உட்சுவர் புரோஜெஸ்டரோன் இல்லாமல் தடித்துக்கொண்டே போகும். பல வருடம் இப்படிப் போனால் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் பிள்ளை வேண்டாதவருக்கும் டொக்டர் புரோஜெஸ்டரோன் வகைக் குளிசை எழுதுகிறார். சீனியையும் கூடவே பார்க்க வேண்டும். வெறும் வயிற்றுப் பரிசோதனை சரியாக இருந்தாலும் ஏமாறலாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்து எடுக்கும் இரத்தம்தான் தசையின் மந்தத்தை முதலில் காட்டிக்கொடுக்கும்.