ஆற்றில் நெகிழி எப்படி நகர்கிறது, அதை எங்கே மறிப்பது?

சேர்வராயன் மலைமீது ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அடிவாரத்துச் சேலம் நகரமோ 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட இந்த இறக்கத்தில் கொட்டும் ஒரு மணி நேர மழை, மலைப் பள்ளங்களிலும் நகரத்து ஓடைகளிலும் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த குப்பையை வாரிக்கொண்டு போய்த் திருமணிமுத்தாற்றில் சேர்த்துவிடுகிறது. அந்த ஆறு நகரின் நடுவே ஓடி, உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்துக்குள் சென்று காவிரியில் கலக்கிறது. ஆற்றைச் சுத்தம் செய்ய ஊர்மக்கள் கூடும்போதெல்லாம் எங்கே இறங்குவது, எந்த மாதத்தில் இறங்குவது என்ற கேள்விகள் எழுகின்றன. இரண்டுக்கும் விடை, நீருக்குள் நெகிழி எப்படி நடந்துகொள்கிறது என்பதில் இருக்கிறது.

ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். தண்ணீர் பாட்டிலின் மூடி, அதே பாட்டிலிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, பால் கவரின் ஓரம், தெர்மாகோல் துணுக்கு, உடைந்த பிவிசி குழாயின் சில்லு ஆகியவற்றை வாளிக்குள் போட்டு, காற்றுக் குமிழி ஒட்டியிராதபடி விரலால் அழுத்திவிட வேண்டும். மூடியும் பால் கவரும் தெர்மாகோலும் மேலே வந்துவிடும். பாட்டில் துண்டும் குழாய்ச் சில்லும் அடியில் தங்கிவிடும். மூடியும் கவரும், ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் என்ற நீரின் அடர்த்தியை எட்டாத பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் வகைகளால் ஆனவை. பாட்டிலின் உடலான பெட் நெகிழியின் அடர்த்தி ஏறத்தாழ 1.38, பிவிசியினுடையது ஏறத்தாழ 1.4. மூடிய பாட்டில் ஆற்றில் மிதப்பது உள்ளிருக்கும் காற்றினால்தான். மூடி கழன்று நீர் புகுந்ததும் அது அடியில் உருண்டு செல்லும் பொருளாகிவிடுகிறது. ஆகையால் மேலே தெரியும் குப்பையை மட்டும் அள்ளி ஆறு தூய்மையாகிவிட்டதென்று சொல்ல முடியாது.

கவரின் நிலை இன்னும் நுட்பமானது. 10 கிராம் எடையுள்ள ஒரு பாலிதீன் கவரின் அடர்த்தியை 0.92 என்று கொண்டால், அது ஏறத்தாழ 10.9 கன சென்டிமீட்டர் நீரை விலக்குகிறது. அதாவது அதை மேலே தூக்கும் நிகர விசை ஒரு கிராம் எடைக்குக்கூடச் சமமாகாது. ஒன்றரை கிராம் வண்டல் அதன் மடிப்புகளில் ஒட்டிக்கொண்டால் போதும், அந்தக் கவர் மூழ்கத் தொடங்கிவிடும். சில நாள் தண்ணீரில் கிடந்தால் அதன்மேல் பாசியும் நுண்ணுயிர்களும் வழவழப்பான படலமாகப் படிகின்றன. அந்த வழவழப்பில் மண் இன்னும் எளிதாக ஒட்டுகிறது. மிதப்பதற்கென்றே பிறந்தது போலத் தோன்றும் பொருள் இவ்வாறுதான் ஆற்றின் நடு ஆழத்திலும் அடிமட்டத்திலும் பயணம் செய்கிறது.

வறண்ட ஓடைப் படுகையில் இதை நேரில் காணலாம். மணலுக்கு வெளியே நான்கு விரல் அகலத்துக்கு நீலக் கவரின் ஓரம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்தபோது, கவரோடு தட்டையான ஒரு மண் பாளமும் பெயர்ந்து வந்தது. அந்தப் பாளத்தின் விளிம்பில் மணல், கவர், களிமண், மீண்டும் ஒரு கவர், மணல் எனப் புத்தகத்தின் பக்கங்களைப் போல அடுக்குகள் தெரிந்தன. ஒவ்வொரு வெள்ளமும் ஒரு பக்கத்தை எழுதிவிட்டுப் போயிருந்தது. வெயில் பட்ட ஓரம் மட்டும் கையில் சருகாய் நொறுங்கியது. மண்ணுக்குள் இருந்த பகுதியோ அன்று கடையில் வாங்கியது போல நெளிந்து கொடுத்தது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து நெகிழியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டுவதால் இந்த நொறுங்கல் நிகழ்கிறது. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிதான அந்தத் துணுக்குகளையே நுண்நெகிழி என்கிறோம். அந்த நிலையை அடைந்துவிட்ட நெகிழியைக் கையாலோ வலையாலோ ஆற்றிலிருந்து திரும்ப எடுப்பதற்கு எந்த ஊர்க்குழுவிடமும் வழியில்லை.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: பெரிய அளவிலான கைப்பணி தையிலும் மாசியிலும் நடக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து படுகை வெளித் தெரிந்திருக்கும். பங்குனி, சித்திரை வெயில் கவரை இன்னும் நொறுக்கியிருக்காது. கோடை மழையும் வந்திராது. ஆடிப்பெருக்கை ஒட்டி ஆற்றங்கரையில் கூடுவது நம் மரபு, அந்த நாளில் குப்பை அள்ளத் தோன்றுவதும் இயல்பே. ஆயினும் அதற்குள் மழைநீர் பெரும்பகுதியைக் கீழே கொண்டு போயிருக்கும், எஞ்சியதை வெயில் தூளாக்கியிருக்கும். இடத்தைப் பொறுத்தவரை, அகன்ற ஆற்றைவிட அதில் வந்து விழும் சிறு பள்ளங்களே முதலில் கவனிக்கப்பட வேண்டியவை. சீமைக்கருவேல முள்ளிலும் சிறுபாலங்களின் அடியிலும் குப்பை ஏற்கெனவே தானாகச் சிக்கி நிற்கிறது. சாக்கடை கலந்த படுகையில் இறங்குபவர்கள் முழங்கால் உயரக் காலணியும் தடித்த கையுறையும் இல்லாமல் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி, காலிலுள்ள சிறு கீறல் வழியாகவே உடலுக்குள் புகுந்துவிடும்.

மழைக்காலத்துக்கு உரிய கருவி மிதவைத் தடுப்பு. இருபுறமும் அடைத்த குழாய்களையோ காலியான கேன்களையோ கயிற்றில் கோத்து, அவற்றின் கீழே கனம் கட்டிய வலையைத் தொங்கவிட்டு, ஓடையின் குறுக்கே மிதக்கவிடுவார்கள். இதைவிட உறுதியாகச் செய்யப்பட்ட தடுப்புகள் சென்னையில் கூவம் ஆற்றில் போடப்பட்டிருக்கின்றன. இதை நேர் குறுக்காகக் கட்டுவது தவறு. நீரின் வேகம் இரு மடங்கானால் அது தடுப்பின்மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. அத்துடன் வேகம் கூடியதும் நின்றிருந்த குப்பை தடுப்புக்கு அடியில் உறிஞ்சப்பட்டு மறுபுறம் போய்விடுகிறது. நீரோட்டத்துக்கு 30 பாகை சாய்வாகக் கட்டினால், தடுப்பை நேராக மோதும் வேகம் பாதியாகக் குறைகிறது. மீதி வேகம் குப்பையைத் தடுப்பின் ஓரமாகவே வழுக்கிச் செல்லவைத்துக் கரையோரம் ஒதுக்குகிறது. அங்கே கரையில் நின்றபடியே வாரியெடுக்கலாம். ஒரு முனையின் கட்டு மற்றதைவிடச் சற்றுப் பலவீனமாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். பெருவெள்ளத்தில் அந்த முனை அறுந்து, தடுப்பு முழுவதும் மறுகரையோடு ஒட்டிக்கொள்ளும். இல்லையேல் அது அணையாக மாறி, வெள்ளத்தைத் தெருவுக்குள் திருப்பிவிடும். நீர்வளத் துறையின் அனுமதியின்றி இதைக் கட்டவே கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மூழ்கிச் செல்வதை மிதவை பிடிக்காது. அந்த வேலையை நம் ஏரிகள் செய்கின்றன. சேலத்துக் கன்னங்குறிச்சி மூக்கனேரி போன்ற ஏரிக்குள் ஓடைநீர் நுழைந்ததும் வேகம் திடீரெனக் குறைவதால், நீர் சுமந்து வந்த வண்டலும் மூழ்கிய நெகிழியும் நுழைவாயிலுக்கு அருகிலேயே படிந்துவிடுகின்றன. மக்கள் முயற்சியால் மீட்கப்பட்ட அந்த ஏரியைப் போன்றவற்றில் தூர்வாரும்போது, வரத்துவாய்க்கால் வந்து சேரும் முகப்பை முதலில் தோண்டினால் மூழ்கிய நெகிழி ஓரிடத்திலேயே கிடைக்கும்.

எடுத்த நெகிழியின் கதி வேறு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர், உருவாக்கிய சாலை போடும் முறையில் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வரை சூடேற்றிய ஜல்லியின்மேல் நறுக்கிய நெகிழி உருகிப் படலமாகப் படிகிறது. பின்னர் தார் அதன்மேல் இறுகப் பற்றுகிறது. ஆனால் அதற்கு உலர்ந்த, மண் நீங்கிய நெகிழி தேவை, பிவிசி கலந்திருக்கவும் கூடாது. சூடேறினால் அது ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயுவை வெளியிடும். எனவே மூட்டைகளைக் கரையிலேயே உதறி, நிழலில் உலர்த்தி, வகை பிரித்த பிறகே அனுப்ப வேண்டும். ஈரத்தோடு எடை போட்டால் பாதிக்கு மேல் மண்ணும் தண்ணீருமே தராசில் ஏறும்.

வகை பிரிக்கும் அந்த வேளையில் ஒரு நோட்டில் எண்ணிக்கை எழுதி வைப்பது, அடுத்த ஆண்டின் மூட்டைகளைக் குறைக்கக்கூடிய வேலை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட நெகிழி பூசிய காகிதக் கப்புகள் ஒரு பள்ளத்தின் தடுப்பில் மட்டும் குவிந்தால், மேலே எந்தத் தெருவின் டீக்கடைகளுக்கு முதலில் போய்ப் பேச வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.