கழுவுதலா, துலக்குதலா?

"ரோலைக் கழுவக் கொடுத்தாச்சா?"

ஃபிலிம் கேமரா காலத்தில் கல்யாணமோ காதுகுத்தோ முடிந்த மறுநாள் வீட்டில் இந்தக் கேள்வி கட்டாயம் எழும். 36 படம் எடுக்கிற ரோலில் இன்னும் நாலைந்து மிச்சமிருந்தால் வீணாக்க மனம் வராது. குழந்தைகளை வாசலில் நிறுத்தி எடுத்துத் தீர்த்துவிட்டுத்தான் ஸ்டுடியோவுக்குப் போவோம். அங்கே கொடுக்கும் ரசீதில் 'டெவலப்பிங்' என்று இருக்கும். பேச்சில் மட்டும் எல்லோருக்கும் அது கழுவுதல்தான்.

எனக்கு இந்தச் சொல்மேல் பிரியம் உண்டு. எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி உட்கார்ந்து ஆக்கியதில்லை. தட்டு, தண்ணீர், கொடியில் கிளிப் போட்டு ஈரம் சொட்டத் தொங்கும் படங்கள் என்று கண்ணில் பட்டதை வைத்து மக்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட பெயர். ஆனாலும் இருட்டறைக்குள் நடப்பதில் கழுவுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் நடப்பதுதான் டெவலப். அதற்கு இன்னும் பொருத்தமான தமிழ்ச் சொல் நம் வீட்டுக் கிணற்றடியிலேயே இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டெவலப் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஆங்கிலம் அதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டது. பழைய பிரெஞ்சில் அதற்குச் சுற்றியிருப்பதை அவிழ்ப்பது, மூடியிருப்பதைப் பிரிப்பது என்று பொருள். கடிதம் போடுகிற என்வலப் அதற்கு உடன்பிறப்பு. ஒன்று சுற்றி மூடுகிறது, மற்றது பிரித்துக் காட்டுகிறது. வளர்ச்சி, முன்னேற்றம் என்று இன்று நாம் முதலில் நினைக்கிற பொருள்களெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. 1840களில் ஆங்கிலப் புகைப்படக் கலைக்குள் இந்தச் சொல் வந்தபோது, அங்கே அதன் பழைய பொருள்தான் கச்சிதமாகப் பொருந்தியது. ஏனென்றால் அவர்கள் கையில் அப்போது உண்மையிலேயே மூடிக்கிடந்த ஒரு படம் இருந்தது.

1839இல் பிரான்சில் வெளியானது லூயி தாகேர் என்பவரின் புகைப்பட முறை. அதில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டுக்கு அயோடின் ஆவி காட்டி, அதைக் கேமராவில் வைத்து ஒளி படவிடுவார்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் தகட்டில் ஒன்றும் தெரியாது. அதைச் சூடான பாதரச ஆவியில் காட்டிய பிறகுதான் உருவம் எழும்பும். இங்கிலாந்தில் டால்பட் என்பவர் காகிதத்தில் படம் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். அவருடைய தொடக்க கால முறையில், உருவம் கண்ணுக்குத் தெரியும்வரை காகிதத்தை ஒளியிலேயே நெடுநேரம் விட்டுவைக்க வேண்டியிருந்தது. 1840 செப்டம்பரில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. கொஞ்ச நேரமே ஒளி பட்டு வெறுமையாகத் தெரிகிற காகிதத்திலும் படம் இருக்கிறது. காலிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் கலந்த கரைசலைத் தடவினால் அது தானாக வெளியே வருகிறது. அடுத்த ஆண்டே இந்த முறைக்கு அவர் காப்புரிமை வாங்கிவிட்டார். காலிக் அமிலம் ஏதோ அந்நியச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற மாசிக்காயில் இருப்பதுதான்.

ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புப் படிகத்தில் ஒளி பட்டால் சில வெள்ளி அணுக்கள் மட்டும் பிரிந்து ஒரு புள்ளியாக ஒட்டிக்கொள்கின்றன. நாலைந்து அணுக்கள் இருந்தாலே போதும். டெவலப்பர் கரைசல் அந்தப் புள்ளியை அடையாளம் வைத்துக்கொண்டு அந்தப் படிகம் முழுவதையும் கறுத்த வெள்ளியாக மாற்றிவிடும். கிட்டத்தட்ட நூறு கோடி மடங்குப் பெருக்கம். ஒளி படாத படிகத்தைக் கரைசல் அநேகமாகத் தொடாது. ஆக, கேமராவின் கதவு திறந்து மூடிய கணத்திலேயே படம் முடிந்துவிட்டது. இருட்டறையில் யாரும் புதிதாக எதையும் செய்வதில்லை. இருப்பதைத் தெரியவைக்கிறார்கள்.

இதனால்தான் டெவலப்புக்கு அங்கங்கே போடுகிற தமிழ் எனக்கு உறுத்துகிறது. 'படத்தை உருவாக்குதல்' என்கிறார்கள். உருவம்தான் ஏற்கெனவே அங்கே இருக்கிறதே. 'படத்தை மேம்படுத்துதல்' என்றால், சுமாராக இருந்ததைச் சீர்செய்வது என்றாகிவிடும். அது டச்சப் செய்கிறவரின் வேலை. வளர்ச்சி என்ற பின்னாள் பொருளைப் பிடித்துக்கொண்டு 'வளர்த்தல்' என்று போடுவது இன்னும் மோசம்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? துலக்குதல்.

பல் துலக்குகிறோம், பாத்திரம் துலக்குகிறோம். கார்த்திகைக்கு முந்தின நாள் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோம். களிம்பேறிக் கறுத்துக் கிடந்த பித்தளை கையடியில் மஞ்சளாக எழும்பி வரும். அந்த மஞ்சளை நாம் பூசவில்லை, அடியில் இருந்ததுதான். இன்னொரு பக்கம் போலீஸார் துப்புத் துலக்குகிறார்கள். மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருவது அது. துலக்குதலின் தன்வினை துலங்குதல். ஒளிர்தல், விளங்குதல், தெளிவாகத் தெரிதல் எல்லாம் அதற்குள் அடக்கம். புது மருமகள் வந்ததும் வீடு துலங்கிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான்.

தண்ணீரும் கையும் புழங்குகிற வேலை, மறைந்திருப்பதைத் தெரியவைக்கிற வேலை இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது தமிழ். பிரெஞ்சு 'அவிழ்த்தல்' என்று உறையைப் பார்த்தது. நம் சொல் உள்ளிருந்து வருகிற வெளிச்சத்தைப் பார்க்கிறது. படம் துலக்குதல், துலக்குகிற கரைசலுக்குத் துலக்கி. படம் துலங்கி வருகிறது என்று சொல்லிப் பாருங்கள், டிரேயில் கண்முன் நடப்பது அப்படியே அதில் இருக்கும்.

இந்தச் சொல் புகைப்படத்தோடு நிற்கவும் வேண்டியதில்லை. ஸ்ரீகாளஹஸ்தியிலும், நம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலங்காரித் துணி எழுதுகிறார்கள். துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு நாள்கணக்கில் புளிக்கவைத்து எடுத்த நீரால் கோடு இழுத்தால், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகிவிடும். சிவப்புதான் அதிசயம். சிவப்பு வேண்டிய இடத்தில் அவர்கள் தடவுவது படிகாரக் கரைசல். அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி நிறமில்லை. துணியைச் சாயவேரோ மஞ்சிட்டியோ போட்ட கொப்பரையில் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சாயத்தை இறுகப் பிடித்துக்கொண்டு சிவந்து வரும். மற்ற இடத்தில் லேசாக ஏறிய நிறம் வெளுப்பில் போய்விடும். கண்ணுக்குத் தெரியாமல் முன்பே எழுதிவைத்த உருவம், கரைசலில் இறங்கியதும் வெளிப்படுகிறது. டால்பட்டின் காகிதத்தில் நடந்ததற்கும் இதற்கும் வேதியியல் வேறு, வேலையின் போக்கு ஒன்று. அதுவும் துலக்குதல்தான்.

நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது தெரிந்தவர் ஒருவரின் ஸ்டுடியோ இருட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன். உதகையில் தயாராகி 'இந்து' (Indu) என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளை ஃபிலிமும் காகிதமும் இன்னும் புழக்கத்தில் இருந்த காலம். சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும்போது மட்டும் எரியும், ஃபிலிமுக்கு அதுவும் ஆகாது. கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சித்திரை வெயிலில் அதற்கு எங்கே போவது? ஐஸ் கட்டி வாங்கிவந்து டிரேயைச் சுற்றிப் போட்டிருப்பார். வெள்ளைக் காகிதத்தை உள்ளே விட்டு டிரேயை மெல்ல ஆட்டுவார். கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. அப்புறம் முதலில் தலைமுடி, புருவம், பிறகு கண். ஒரு முகம் அப்படி எழும்பி வருவதைப் பார்த்தவர்களுக்குக் 'கழுவுதல்' ஏன் போதவில்லை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதே சமயம் கழுவுதலை நான் தள்ளவும் மாட்டேன். அதற்கென்று சொந்தமான இடம் இருக்கிறது. துலக்கிய படத்தை ஹைப்போ என்கிற கரைசலில் போடுவார்கள். ஒளி படாமல் மிஞ்சிய வெள்ளி உப்பை அது கரைத்துவிடும். அதைக் கரைக்காமல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் படம் முழுக்கக் கறுத்துப்போகும். வெள்ளி உப்பைக் கரைக்கிற இந்தக் குணத்தை 1819லேயே கண்டறிந்திருந்தவர் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற பெயர்களைப் புகைப்படத்துக்குக் கொடுத்தவரும் அவர்தான். ஹைப்போவுக்கு நிலைப்படுத்தி என்ற தமிழ் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஹைப்போ காகிதத்துக்குள் தங்கிவிட்டால் நாளாவட்டத்தில் வெள்ளியையே தின்னத் தொடங்கும். அதனால் அதன்பின் ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். பிளாஸ்டிக் பூச்சில்லாத பழைய காகிதத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். உண்மையான கழுவுதல் இதுதான்.

எங்கள் வீட்டில் அப்பா அம்மா கல்யாண ஆல்பம் இருக்கிறது. முகூர்த்தக்கால் படமும் தாலி கட்டுகிற படமும் இன்றைக்கும் கறுப்பு வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கின்றன. பந்தியில் எடுத்த ஏழெட்டுப் படங்கள் மட்டும் பழுப்பேறி, சாப்பிட உட்கார்ந்திருப்பவர்களின் முகம் மங்கிக்கொண்டே வருகிறது. தாத்தா பரிமாறுகிற ஒரே படம் அதில்தான் இருக்கிறது. எல்லாம் ஒரே ஸ்டுடியோவில், ஒரே வாரத்தில் போட்ட பிரிண்டுகள். கடைசிப் படங்களின்போது அவசரமோ, அன்றைக்குத் தண்ணீர் வரவில்லையோ. துலக்கியதில் குறையில்லை, கழுவியதுதான் போதவில்லை.